கேமரா வழியாக வெனிஸ்: ஒரு நவம்பர் வாரம்

நவம்பர் 16, ஞாயிறு

இந்த வாரம் நான் வெனிஸில் இருந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் விடுப்பு வாங்கியாயிற்று, பணமும் சேர்த்தாயிற்று. விசா மனு கொடுக்கத்தான் கடைசிவரை தேதி கிடைக்கவில்லை. எப்போது திறந்து பார்த்தாலும் அடுத்த காலியிடம் ஜனவரியில் என்றே காட்டியது. வாங்கிய விடுப்பைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

வெனிஸில் இரவும் பகலும் ஓடுகிற நேரலைக் கேமராக்கள் நிறைய இருக்கின்றன. ரியால்டோ பாலத்தின் அருகே, சான் மார்க்கோ சதுக்கத்தில், பெரிய கால்வாயின் ஓரத்து ஹோட்டல் மாடிகளில் என்று ஆங்காங்கே பொருத்தியிருக்கிறார்கள். சிலவற்றில் ஒலியும் வருகிறது. சரி, இந்த வாரத்தை அவற்றின் வழியாகவே அந்த ஊரில் கழிப்பது என்று முடிவு செய்தேன். பதிவு செய்த வீடியோ எதையும் தொடுவதில்லை, அங்கே அந்த நிமிடம் நடப்பதை மட்டுமே பார்ப்பது. கடிகாரமும் அவர்களுடையதுதான். நவம்பரில் அவர்கள் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். அங்கே விடியும்போது இங்கே சாப்பாட்டு நேரம் நெருங்கிவிடும்.

வேறு வாரத்துக்குத் தள்ளாததற்குக் காரணம் உண்டு. 21ஆம் தேதி சலூட்டே மாதாவின், அதாவது ஆரோக்கிய மாதாவின், திருவிழா. வெனிஸ்காரர்கள் தங்களுக்காகவே கொண்டாடும் விழா என்று படித்ததிலிருந்து அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை.

நவம்பர் 17, திங்கள் – ரியால்டோ

அவர்களுடைய காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். இன்னும் இருட்டு. பாலத்தின் வெள்ளைக் கல் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. சுற்றுலா மலர்களில் அலுக்க அலுக்கப் பார்த்த பாலம்தான், ஆனால் அதன் மேல் ஓர் ஆள்கூட இல்லாமல் இன்றுதான் பார்க்கிறேன். 1588இல் தொடங்கி 1591இல் முடித்தார்கள். கால்வாயின் நடுவில் தூண் எதுவும் இல்லாமல் ஒரே வளைவாகக் கடந்து போகிறது. அதற்கு முன்பு இதே இடத்தில் மரப்பாலம் இருந்தது. 1444இல் ஒரு கல்யாண ஊர்வலத்தைப் பார்க்கக் கூட்டம் ஏறி அது இடிந்து விழுந்திருக்கிறது.

இருட்டில் முதலில் வந்தவை சரக்குப் படகுகள். ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒன்றில் தண்ணீர் பாட்டில் கட்டுகள், ஒன்றில் ஹோட்டல் துணிகள் அடைத்த கம்பிக் கூண்டுகள், இன்னொன்றில் சிமெண்ட் மூட்டையும் ஒரு சின்னக் கலவை இயந்திரமும். ஒரு படகில் புத்தம் புதுக் குளிர்சாதனப் பெட்டி நின்றபடியே போனது, ஒருவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். குப்பை அள்ளும் படகுக்குத் தனியாகப் பளுதூக்கிக் கை இருக்கிறது. கரையில் தள்ளுவண்டியை நிறுத்தியதும் அந்தக் கை அதை அப்படியே தூக்கித் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறது.

காப்பி கொண்டுவந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “அப்போ அந்த ஊர்ல லாரியே கிடையாதா?” என்றார். கிடையாது. கார், பேருந்து எல்லாம் ஊரின் மேற்கு ஓரத்தில் பியாட்சாலே ரோமாவோடு நின்றுவிடும். அதற்கு மேல் வீட்டுக்கு வரும் சிலிண்டர், கட்டில், காய்கறி, ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, கல்லறைத் தீவுக்குப் போகும் சவப்பெட்டி, எல்லாமே படகில்தான். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

படகிலிருந்து இறக்கிய சரக்கைக் கைவண்டியில் ஏற்றுகிறார்கள். அந்த வண்டிக்குப் பெரிய சக்கரம் இரண்டு, முன்னால் நீட்டிய கம்பியில் சின்னச் சக்கரம் இரண்டு. பாலத்துப் படி வந்ததும் சின்னச் சக்கரத்தை மேல்படியில் ஊன்றி, பின்னாலிருந்து தம் பிடித்துத் தள்ளுகிறார்கள். நானூறுக்கும் மேல் பாலம் உள்ள ஊரில் இதைத் தினம் எத்தனை தடவை செய்ய வேண்டியிருக்கும்! சுமை தள்ளுபவர் குரல் கொடுத்தால் உள்ளூர்க்காரர் திரும்பிப் பார்க்காமலே சுவரோரம் ஒதுங்கிவிடுகிறார். ஒன்பது மணிக்கு மேல் வந்த பயணிகளுக்கு அது புரியவில்லை. வண்டியைப் பார்த்துப் புன்னகைத்தபடி வழியிலேயே நின்றார்கள்.

பத்தரைக்கெல்லாம் பாலம் நிறைந்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் நல்ல இடம் கிடைத்தவர்கள் படம் எடுத்ததும் நகர்ந்துகொள்கிறார்கள், அடுத்தவர் நுழைகிறார். யாரும் வரிசை போடச் சொல்லாமலே அது நடந்தது. நான் கேமராவை மூடினேன். காலை ஆறிலிருந்து எட்டு வரை பார்த்த வெனிஸ் எனக்குப் போதும்.

நவம்பர் 18, செவ்வாய் – படகுக் கூலியும் மத்தி மீனும்

எங்கள் பகுதியில் இன்று பராமரிப்புக்காக மின்தடை. காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் இல்லை. கைப்பேசியில் பார்த்ததில் மதியத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்தது, கூடுதல் பொதி போட வேண்டியதாயிற்று. இந்தப் பயணத்தின் ஒரே போக்குவரத்துச் செலவு அதுதான்.

அங்கே போனால் செலவு வேறு மாதிரி. வாபொரெட்டோ என்கிற பொதுப் படகில் 75 நிமிடப் பயணச்சீட்டு 9.50 யூரோ, ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அட்டை வைத்திருக்கும் உள்ளூர்க்காரருக்கு அதில் சிறு பகுதிதான். கோண்டோலாவில் பகலில் அரை மணி நேரம் சுற்ற 90 யூரோ, இரவில் 110. இந்த விலை ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஆனால் பெரிய கால்வாயின் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்குக் கடத்திவிடும் கோண்டோலாவும் உண்டு, வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. மீன் சந்தைக்கு எதிரே இருந்து அது ஓடுவதை இன்று வெகுநேரம் பார்த்தேன். முன்னும் பின்னுமாக இரண்டு துடுப்புக்காரர்கள். ஏறும் உள்ளூர்ப் பெண்கள் காய்கறிப் பையோடு நின்றபடியே போகிறார்கள், பக்கத்தில் பெரிய படகு அலையைக் கிளப்பினாலும் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிச் சமாளித்துக்கொள்கிறார்கள். பயணிகள் ஏறினால் துடுப்புக்காரர் கையைத் தாழ்த்தி உட்காரச் சொல்கிறார்.

வாபொரெட்டோவிலும் எனக்குப் பிடித்துப்போன ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் படகு ஊழியர் கயிற்றை வீசிக் கரைத்துறையின் முளையில் சுற்றி இறுக்குகிறார். படகு முனகிக்கொண்டு ஒட்டி நிற்கும். கம்பிக் கதவைத் தள்ளித் திறப்பார், இறங்குகிறவர்கள் முதலில், ஏறுகிறவர்கள் அப்புறம். கதவை மூடிக் கயிற்றை ஒரு சுண்டுச் சுண்டினால் அவிழ்ந்துவிடும். ஒரு பெண் ஊழியர் ஒரு கையால் கயிற்றை இறுக்கியபடியே மறுகையால் ஒரு தாத்தாவின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். தாத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழகிய கை போலிருக்கிறது.

ரியால்டோ மீன் சந்தை ஞாயிறும் திங்களும் கிடையாது, இன்றுதான் திறந்திருக்கும். ஆனால் தூண்களுக்கு உள்ளே நடப்பது எந்தக் கேமராவிலும் தெரியவில்லை. அதனால் மாலையில் நம் சந்தைக்கே போய் மத்தி வாங்கிவந்தேன், கிலோ 200 ரூபாய். வெனிஸ் மாலுமிகள் நாள்கணக்கில் கெடாமல் வைத்துச் சாப்பிட ஒரு மத்தி சமையல் வைத்திருந்தார்கள், ‘சார்தே இன் சாவோர்’ என்று இன்றும் கடைகளில் கிடைக்கிறது. மீனை மாவில் புரட்டிப் பொரித்து, வெங்காயத்தைச் சிறு தீயில் நிறம் மாறாமல் வதக்கி, வினிகர் ஊற்றி, மீன் ஒரு அடுக்கு வெங்காயம் ஒரு அடுக்காகப் போட வேண்டும். இடையில் உலர்திராட்சையும் பைன் கொட்டையும். பைன் கொட்டை கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். ஒரு நாளாவது ஊறினால்தான் ருசி, நம் மீன் குழம்பு மறுநாள் தேறுவதுபோல.

நவம்பர் 19, புதன் – மூடுபனி

எந்தக் கேமராவைத் திறந்தாலும் சாம்பல் நிறம். பாலமும் இல்லை, கால்வாயும் இல்லை. கண்ணாடியில் நீர்த்துளி வேறு.

ஒலி வரும் கேமராவை வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்த்தேன். கார் சத்தம் அறவே இல்லாத ஊரின் சத்தம் எப்படி இருக்கும் என்பது இன்றுதான் தெரிந்தது. செருப்புச் சத்தம் கேட்கிறது. இரண்டு பேர் பேசிக்கொண்டு போனால் அவர்கள் வருவதும் போவதும் தனித்தனியாகக் கேட்கிறது. பெட்டிச் சக்கரம் கல் மேல் உருளும்போது தெருவுக்கே தெரிகிறது. படகுகள் ரேடார் வைத்து மெல்லப் போகின்றன, அவ்வப்போது ஊதல். மணிக்கொருதரம் நாலா பக்கமும் கோயில் மணிகள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல்.

மதியம் மத்தியைச் சாப்பிட்டோம். இனிப்பும் புளிப்பும் சேர்ந்த மீன் என்றதும் அம்மா தயங்கினார், அப்புறம் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். “மிளகு கொஞ்சம் தட்டிப் போட்டிருக்கலாம்” என்றார். மிளகை விற்றே பணக்காரர்களான ஊர் அது. போட்டிருக்கலாம்தான்.

நவம்பர் 20, வியாழன் – சதுக்கத்தில் தண்ணீர்

இன்று அமாவாசை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலேற்றம் கூடும், அதோடு தெற்கிலிருந்து சிரோக்கோ காற்றும் சேர்ந்தால் ஆட்ரியாட்டிக் கடலின் தண்ணீர் வடக்கு மூலையில் இருக்கும் வெனிஸ் பக்கம் வந்து குவியும். நகராட்சியின் கடலேற்ற முன்னறிவிப்பு மையம் காலையில் 90 சென்டிமீட்டரை ஒட்டி வரும் என்று சொல்லியிருந்தது. 90 என்றதும் இடுப்பளவு என்று நினைத்துவிடக் கூடாது. 1897இல் சலூட்டே முனையில் குறித்த கடல்மட்டத்தைச் சுழியமாக வைத்து இன்றும் அளக்கிறார்கள். சராசரிக் கடல்மட்டமே இப்போது அந்தக் குறிக்கு 30 சென்டிமீட்டருக்கும் மேலே வந்துவிட்டது. 80க்கு மேல் போனால் ஊரிலேயே மிகத் தாழ்வான சான் மார்க்கோ சதுக்கம் நனையத் தொடங்கும்.

அவர்கள் நேரம் எட்டரையிலிருந்து சான் மார்க்கோ கேமராவில் காத்திருந்தேன். கடல் கரையை மீறி வழிந்து வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு வழியில். கோயிலுக்கு முன்னால் தரையில் உள்ள வடிகால் துளைகளில் முதலில் ஒரு மினுமினுப்பு, அப்புறம் அதுவே ஒரு தட்டு அளவு, ஒரு பாய் அளவு. சதுக்கத்துக்கு அடியில் ஓடும் பழைய வடிகால்கள் வழியாகக் கடல் பின்னோக்கி ஏறுகிறது. அரை மணி நேரத்தில் மணிக்கூண்டு கோபுரம் தலைகீழாகத் தண்ணீரில் நின்றது.

ஊழியர்கள் நிதானமாக வந்து, ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த பலகைகளைக் கால்களின் மேல் வைத்து நடைபாதை போட்டார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோளைத் திருப்பிக்கொண்டுதான் போக முடியும். உள்ளூர்க்காரர்கள் வலப்பக்கமாக நிற்காமல் நடக்கிறார்கள். நடுவில் படம் எடுக்க நின்ற ஓர் இளைஞரின் பின்னால் பத்திருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். தள்ளுவண்டிப் பை வைத்திருந்த ஒரு பாட்டி அவர் தோளை விரலால் தட்ட, உடனே நகர்ந்துவிட்டார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் செய்தித்தாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பலகையைச் சீந்தாமல் தண்ணீரிலேயே நடந்து போனார். செருப்போடு வந்த பயணிகளுக்காகத் தெருவில் பளிச்சென்ற நிறத்தில் பிளாஸ்டிக் காலுறை விற்பார்கள், ஜோடி பத்து யூரோ அளவில்.

சான் மார்க்கோ கோயில் மட்டும் நனையவில்லை. 2022 முடிவில் அதைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு கட்டி முடித்தார்கள். வெளியே நிற்கும் தண்ணீரும் உள்ளே உலர்ந்த கல்லும் ஒரே படத்தில் தெரிகின்றன.

110 சென்டிமீட்டருக்கு மேல் போகும் என்றால்தான் ‘மோசே’ எழும். கடலும் காயலும் சேரும் மூன்று வாய்களிலும் மொத்தம் 78 இரும்புக் கதவுகள், தண்ணீர் நிரம்பி அடியில் படுத்துக் கிடக்கும். காற்றை உள்ளே செலுத்தினால் தண்ணீர் வெளியேறி, கதவு மிதந்து எழுந்து கடலை மறிக்கும். 2003இல் தொடங்கிய வேலை. இடையில் பெரிய லஞ்ச வழக்கு, கைதுகள், வருடக்கணக்கில் தாமதம். அது முடிவதற்குள் 2019 நவம்பர் 12 இரவு 187 சென்டிமீட்டர் வந்து ஊரையே முக்கிவிட்டது. 1966இன் 194க்கு அடுத்தபடி அதுதான். 2020 அக்டோபர் 3ஆம் தேதிதான் உண்மையான வெள்ளத்தை எதிர்த்து மோசே முதல்முறை எழுந்தது. அன்று சதுக்கம் உலர்ந்தே இருந்தது. அந்தத் திட்டத்தில் நடந்த கொள்ளையை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் இன்று பலகை மேல் நடந்த பாட்டியைப் பார்த்தபின், அது எழும் நாட்களில் எத்தனை வீட்டுத் தரைத்தளம் தப்பியிருக்கும் என்றும் தோன்றுகிறது.

பதினொன்றரைக்கு மேல் தண்ணீர் வந்த துளை வழியாகவே இறங்கியது. காப்பிக் கடைக்காரர்கள் விளக்குமாறு எடுத்து மிச்சத்தைத் தள்ளிவிட்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டார்கள்.

நவம்பர் 21, வெள்ளி – சலூட்டே மாதா

1630இல் வெனிஸைப் பிளேக் பிடித்தது. அடங்குவதற்குள் ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் செத்தார்கள். நோய் நின்றால் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக அந்த ஆண்டு அக்டோபரில் வெனிஸ் குடியரசின் தலைவர் நிக்கோலோ கொந்தாரீனி நேர்ந்துகொண்டார். கோயிலைக் கட்டும் பொறுப்பு பால்தசாரே லோங்கேனாவிடம் வந்தபோது அவருக்கு முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. பெரிய கால்வாயின் வாயிலில், சேற்று நிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் மரக்கம்பங்களை இறக்கி அதன்மேல் எண்கோணமாக எழுப்பினார். வாழ்நாள் முழுக்க அந்த வேலைதான். 1687இல் கோயில் முழுமையானபோது அவர் உயிரோடு இல்லை.

நேர்ந்துகொண்டவர்களின் வாரிசுகள் இன்னும் அந்தக் கடனைத் தீர்க்கிறார்கள். வருடா வருடம் இந்த விழாவுக்காகப் பெரிய கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுகிறார்கள். எதிர்க்கரையில் சான்தா மரியா தெல் ஜீலியோவிலிருந்து அதில் ஏறி நடந்தே கோயிலுக்குப் போகலாம். கேமராவின் ஓரத்தில் பாலத்தின் ஒரு பகுதி தெரிந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

காலை எட்டுக்கே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இந்த வாரம் முழுக்கப் பார்த்த கூட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரிந்தது. யாரும் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நடக்கவில்லை. எதிரில் வருபவரைப் பார்த்து நின்று, கன்னத்தோடு கன்னம் வைத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்கிறார்கள். நல்ல கோட்டும் தொப்பியும் போட்ட கிழவர்கள், சக்கர நாற்காலியில் தாயைத் தள்ளிவரும் மகன்கள், தோள்மேல் பிள்ளை. பாலத்தின் ஏற்றத்தில் சக்கர நாற்காலி ஒன்று திணற, பின்னால் வந்த இருவர் கேட்காமலே ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

கையில் எல்லோருக்கும் மெழுகுவத்தி, கடைகளில் வாங்கிக் கோயிலுக்குள் ஏற்றக் கொடுக்கிறார்கள். உள்ளே பெரிய பீடத்தில் கருமை படர்ந்த மாதா படம் இருக்கிறது, கிரீட் தீவை ஒட்டோமான்களிடம் இழந்தபின் 1670இல் அங்கிருந்து கொண்டுவந்தது. அது கேமராவுக்கு எட்டாது. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே இருந்த மஞ்சள் வெளிச்சம் மட்டும் படிகளில் விழுந்தது.

படிகளின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு அம்மா நெடுநேரம் இருந்தார். வேளாங்கண்ணிக்கு அவர் போய்வந்திருக்கிறார். அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, “வயசானவங்களுக்குப் படி கொஞ்சம் உயரம்” என்றதோடு சரி.

கோயிலுக்குப் போய்வந்தவர்கள் பிள்ளைகளுக்குப் பலூனும் எண்ணெயில் பொரித்த இனிப்பு அப்பமும் வாங்கிக் கொடுக்கிறார்கள். வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு ‘காஸ்திராதீனா’: உப்பிட்டுப் புகையில் உலர்த்திய ஆட்டிறைச்சியை முட்டைக்கோஸோடு மணிக்கணக்கில் வேகவைத்த சூப். பிளேக் காலத்தில் ஊர் அடைபட்டுக் கிடந்தபோது ஆட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையான தல்மாத்தியாவிலிருந்து இந்த இறைச்சிதான் வந்துகொண்டிருந்ததாம். அந்த நன்றிக்காக இன்றும் இந்தச் சில நாட்களில் மட்டும் சமைக்கிறார்கள்.

நாலரைக்கு இருட்டியது. கூட்டம் குறையவே இல்லை, வேலை முடிந்து வந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நம் நேரம் நள்ளிரவு தாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 22, சனி

கண் எரிச்சல், கழுத்துவலி. ஒரு வாரம் இரவைப் பகலாக்கியதில் விமானத்தில் போய்வந்த களைப்பே வந்துவிட்டது. மழை. சதுக்கத்தில் குடைகள். சான் மார்க்கோ மணிக்கூண்டின் உச்சியில் இருக்கும் இரண்டு வெண்கல ஆட்களில் மூத்தவர் மணி ஆவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் அடிக்கிறார், இளையவர் இரண்டு நிமிடம் கழித்து. அதை மட்டும் சரிபார்த்துவிட்டுப் படுத்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில். ரியால்டோவுக்குக் கீழே நீளமான படகொன்றில் நாலு பெண்கள் நின்றபடி துடுப்புப் போட்டுப் போனார்கள், நடுத்தர வயது, ஒரே நிறச் சட்டை. படகுக் குழுவினர். பாலத்திலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, கடைசியில் நின்றவர் துடுப்பை விடாமலே தலையை ஆட்டினார்.

பாலத்துக்குப் பக்கத்தில் சான் பார்த்தொலொமியோ சதுக்கத்து மருந்துக்கடையின் ஜன்னலில், தீவு நகரத்தில் மிச்சமிருக்கும் குடிமக்களின் எண்ணிக்கையைக் காட்டும் மின்பலகை 2008இலிருந்து ஓடுகிறது. 1951இல் ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்த ஊர் 2022இல் 50 ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் பயணிகளுக்கான தங்குமிடங்களாக மாறுகின்றன, வாடகை ஏறுகிறது, பிள்ளைகள் நிலப்பகுதிக்குப் போய்விடுகிறார்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான நெரிசல் நாட்களில் ஒரு நாள் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் 2024இலிருந்து வாங்குகிறார்கள், கடைசி நேரத்தில் எடுத்தால் இப்போது 10. அது கூட்டத்தைக் குறைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பணத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைத்தால் சந்தோஷம். கயிறு வீசிய பெண்ணும், வண்டி தள்ளியவரும், பலகை போட்டவர்களும் வேலை முடிந்து அந்த ஊரிலேயே தூங்கப் போக வேண்டும் என்று இந்த வாரம் முழுக்கப் பார்த்த எனக்கு ஆசையாக இருக்கிறது.

விசாவுக்கு ஜனவரித் தேதி எடுத்துவிட்டேன். போனால் சான் மார்க்கோ பக்கம் தங்க மாட்டேன், காலை ஆறு மணிக்கு ரியால்டோவில் நிற்க வசதியாகப் பார்ப்பேன்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: இதே போன்ற இன்னொரு நேர்த்திக்கடன் விழா ஜூலை மூன்றாவது ஞாயிறு, ரெதெந்தோரே. அது 1570களில் வந்த பிளேக்குக்காக. முந்தைய நாள் சனி இரவு பதினொன்றரை வாக்கில் தண்ணீரின் மேல் வாணவேடிக்கை. கோடையில் நேர வித்தியாசம் மூன்றரை மணியாகக் குறைந்துவிடும், அதனால் நமக்கு ஞாயிறு விடியற்காலை மூன்று மணி. அம்மா தன்னையும் எழுப்பச் சொல்லியிருக்கிறார்.